ஐந்தடி மௌனிகா

மார்ச் 2, ஞாயிறு

இன்றைக்கு என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மௌனிகாவை எடுக்கலாமா, வேண்டாமா?

காலையில் எங்கள் கோச் எட்வின் சார் கேட்டார். அப்புறம் அணியின் மேனேஜர் தண்டபாணி சார். மத்தியானம் கோவை ரோடு ஜூஸ் கடைக்காரர் கேட்டார். அவருக்கு எங்கள் அணியில் என்ன வேலை என்று தெரியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் பூபதி, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்தப் புள்ளய எடுத்துருவாங்களா கோகிலா?" என்கிறார். ரசப் பாத்திரத்தை அவர் பக்கமிருந்து இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் பெண்கள் கூடைப்பந்து லீக் தொடங்குகிறது. ஆறு ஊர், ஆறு அணி. புதுப் பெண்களை எடுப்பதற்கு இந்த மாதம் 23ஆம் தேதி சென்னையில் டிராஃப்ட். போன வருஷம் கடைசியாக வந்த அணி முதலில் ஒரு பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதற்கு முந்தைய அணி. இப்படியே வரிசையாக, சுற்றுச் சுற்றாக. கரூர் போன வருஷம் நான்காவது. அதனால் மூன்றாவதாகச் சொல்வோம். எங்களுக்கு ஒரு கார்டு வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிற ஆள்.

"உனக்குத் துணைக்கு" என்றார் எட்வின் சார்.

எனக்கு எதற்குத் துணை என்று கேட்டேன். அவர் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

பேச்சில் இருப்பது இரண்டு பெயர்கள். ஒருத்தி ஆன்மரியா, திருச்சூர், ஐந்தடி பத்து அங்குலம். இன்னொருத்தி இந்த மௌனிகா. உள்ளூர் பெண்கள் கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஐந்தடி. அதுவும் ஷூ போட்டால்தான். பெற்றவர்கள் எதை நினைத்து மௌனிகா என்று வைத்தார்களோ, கோர்ட்டில் இறங்கினால் அவள் வாயை மூடுவதே கிடையாது. "லெப்ட்ல போ, ஸ்கிரீன் வருது, விடாத விடாத" என்று கத்திக்கொண்டே இருப்பாள். பொங்கல் டோர்னமென்ட்டில் அவள் கல்லூரியோடு ஆடினோம். என் கையிலிருந்து இரண்டு தடவை பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

முழங்காலுக்கு ஐஸ் வைத்தேன். வலி ஒன்றும் இல்லை. பழக்கம்.

மார்ச் 4, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மாடியில் காய்ந்த துணியைப் பூபதியே போய் எடுத்து வந்தார். நான் ஒன்றும் அவரைக் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

மௌனிகாவை எங்களோடு பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்து முடிவெடுக்க.

காலை ஆறு மணிக்கெல்லாம் வந்து நின்றாள். அப்பாவின் பைக்கில் வந்தாளாம். அவர் கொசுவலைக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். பைக்கை நிறுத்திவிட்டுக் கம்பிவேலிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

எட்வின் சார் அவளை எனக்கு எதிராக நிறுத்தினார். நல்லது என்று நினைத்தேன். பந்தை வாங்கியதும் அவளுக்கு முதுகைக் காட்டி, இடுப்பால் தள்ளித் தள்ளி ரிங்குக்குக் கீழே கொண்டுபோனேன். அங்கே திரும்பி அவள் தலைக்கு மேலே பந்தைப் போட்டேன். மறுபடியும் அதையே செய்தேன். மறுபடியும். ஒரு தடவை என் முழங்கை அவள் வாயில் பட்டு உதடு கிழிந்தது. வேண்டுமென்று இடிக்கவில்லை. வேண்டாமென்று ஒதுங்கவும் இல்லை. அவள் பனியனில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆடலாங்க்கா" என்றாள்.

இதுதான் ஐந்தடிக்குத் தீர்ப்பு. லீக்கில் எந்த அணியும் இதைத்தான் செய்யும். ஆறடிப் பெண்ணை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தள்ளிக்கொண்டு போய், மேலே இருந்து போடுவார்கள். அவள் என்ன வேகமாக ஓடினாலும் என்ன? வேகம் உயரத்தைத் தூக்கித் தருமா?

இடைவேளையில் எட்வின் சாரிடம் இதையே சொன்னேன். அவர், "உன்கிட்ட பந்து எத்தன தடவ வந்துச்சு, எத்தன தடவ வராம போச்சுன்னு கவனிச்சியா?" என்று கேட்டார். பயிற்சியில் இவர் யார் பக்கம் என்றே புரியவில்லை.

மாவு அரைக்கக் கொடுக்க மறந்துவிட்டேன். ராத்திரிக்குக் கோதுமை தோசை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம் என்று கம்பெனியில் ரோஜாப்பூவும் ஒரு டப்பா லட்டும் கொடுத்தார்கள். வீட்டு விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. அணியும் அவர்களுடையதுதான். நான் மாதிரிப் பிரிவில் இருக்கிறேன். என் மேஜையில் துணி மாதிரிகளைவிடக் கோப்பைகள் அதிகம். எல்லாம் கம்பெனிக்காக நான் ஆடி வாங்கியது.

மத்தியானம் செல்போனில் மௌனிகாவின் பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். தப்பு கண்டுபிடிக்கத்தான். தப்பு இருக்கிறது. தூரத்திலிருந்து போடும்போது தோளிலிருந்து தூக்கி எறிகிறாள். கோபம் வந்தால் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள், நடுவர் ஒருநாள் வெளியே அனுப்புவார். ஆனால் எதிரணி பந்தைக் கொண்டுவருகிறபோது அவள் குனிந்து நிற்கிற நிலை இருக்கிறதே, அந்த உயரத்தில் இன்னும் குனிந்தால் பந்து தட்டுகிற கைக்குக் கீழே அவள் இருக்கிறாள். தரையில் ஊர்கிற மாதிரி. உயரமானவர்களுக்கு அங்கே குனியவே முடியாது. பந்தைத் தட்டுகிற பெண் நிமிர்ந்து பார்க்கவே பயப்படுகிறாள். பாதிக் கோர்ட்டைத் தாண்டுவதற்குள் விதி கொடுக்கிற எட்டு விநாடி முடிந்து விசில் அடிக்கிறது.

ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் செல்போனில் சார்ஜ் போய்விட்டது. லட்டைச் சாப்பிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கம்பெனியின் குளிர்சாதன அறையில் கூட்டம். தண்டபாணி சார், எட்வின் சார், கேப்டன் என்பதால் நான். முந்திரி பக்கோடா, காபி.

தண்டபாணி சார் லேப்டாப்பைத் திறந்து ஒரு போஸ்டரைக் காட்டினார். மௌனிகாவின் படம். மேலே "நம்ம ஊரு பொண்ணு" என்று பெரிய எழுத்தில். இன்னும் எடுக்கவே இல்லை, போஸ்டர் அடித்தாகிவிட்டது.

"காலேஜ் புள்ளைங்க அத்தனையும் கேலரிக்கு வந்துருமுங்க. திண்டுக்கல் வரைக்கும் டிக்கெட் போகும். அவ ஆடோணும்னு ஒண்ணுமில்ல. பெஞ்சில சிரிச்சுட்டு உக்காந்தாப் போதும். கடைசி ரெண்டு நிமிசம் உள்ள விடுங்க. கைதட்டு வாங்கிட்டு வரட்டும்."

"அப்ப உண்மையான கார்டு யாரு?" என்றேன்.

"ஆன்மரியாதான். அந்தப் புள்ளய முதல் சுத்துல எடுத்துக்குவோம். மௌனிகா ரெண்டாவது சுத்துல வருவா. அஞ்சடிப் புள்ளய வேற எவன் எடுக்கப் போறான்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் ஆட்டத்தைப் பற்றி அந்த அறையில் ஒரு வார்த்தை பேசப்படவில்லை. அவள் தற்காப்பு, அவள் பாஸ், அவள் ஷாட் ஒன்றும் இல்லை. பொம்மைக்கு ஆர்டர் கொடுப்பது போலப் பேசினார்கள். பக்கோடா வேறு.

எட்வின் சார்தான் கேட்டார். "கோகிலா, நீ அவகூட ஆடியிருக்க. சொல்லு. எடுக்கலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

"முதல் சுத்திலயா, எப்பவுமேயா?"

"எப்பவுமே. உயரம் பத்தாது."

"உனக்கு அப்புறம் யாரு?"

"நான் இன்னும் மூணு வருஷம் ஆடுவேன் சார்."

அவர் என்னைப் பார்க்காமல் மேஜைக்குக் கீழே பார்த்தார். நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மடக்கிக்கொண்டேன்.

ஒரு பெண்ணைப் பொம்மையாக உட்கார வைப்பதைத் தடுத்தேன். அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

கோபம் இன்னும் போகவில்லை. இதை எழுதினால் அடங்குகிறதா பார்க்கிறேன்.

சாயங்காலம் கம்பெனி கேட்டில் மௌனிகா நின்றாள். உதட்டில் காயம் காய்ந்திருந்தது. டீக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஊர் முழுக்கத் தெரிந்த முகம் கேட்டில் நின்று பேசினால் நன்றாக இருக்காது.

"அக்கா, என்னய எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமா?"

இந்த ஊரில் ரகசியம் எதுவும் தங்காது. ஆமாம் என்றேன்.

"எதுக்குங்க்கா?"

"உயரம் பத்தாது."

"அது சின்ன வயசுலருந்தே பத்தலைங்க்கா. வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க, திருத்திக்கறேன்."

தோளிலிருந்து எறிகிறாய், முழங்கையை உள்ளே வை என்று சொன்னேன். வாயைக் குறை என்று சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உங்க இடது காலு சரியில்லீங்க்கா. நீங்க இடது பக்கம் போறதே இல்ல. பொங்கலுக்கு அதப் பாத்துட்டுத்தான் வலது பக்கம் முன்னாடியே போயி நின்னு எடுத்தேன். அன்னைக்கு ஜெயிக்கணும்னு வெறி. அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்லலைங்க்கா. கோச் சார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க டாக்டரப் பாருங்க."

சொல்லியிருந்தால் இந்நேரம் இடம் அவளுக்குக் கிடைத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. போய்ப் படி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். டீக்குக் காசை அவள்தான் கொடுத்திருப்பாள்.

பதினாறு வருஷமாக ஆடுகிறேன். மாநில அணிக்கு ஆடியிருக்கிறேன். குழந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு சீசனாகத் தள்ளினேன். மாமியார் வீட்டு விசேஷம் எதற்கும் போனதில்லை. அதெல்லாம் செய்து, கடைசியில் ஐந்தடிப் பெண் ஒருத்தி டீக் கடையில் வைத்து எனக்கு இரக்கப்படுகிறாள். அதற்கு அவள் என் கழுத்தைப் பிடித்திருக்கலாம்.

மார்ச் 12, புதன்

பூபதியிடம் மூஞ்சியைக் காட்டினேன். அவர் ஐஸ் டிரேயை நிரப்பி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். பஸ் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கிற மனிதர், வீட்டில் எதையும் சுரண்டிப் பார்க்க மாட்டார். அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

கல்லூரி அணியோடு பயிற்சி ஆட்டம் வைத்திருந்தார் எட்வின் சார். டிராஃப்டுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்க்க. சாயங்காலம் நாலு மணி, வெயில் இன்னும் கோர்ட்டில் கிடந்தது. நல்ல கூட்டம். தண்டபாணி சார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலிக்கு வெளியே அந்த லோடுமேன் அப்பா.

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மௌனிகா என் பந்தைப் பிடுங்க வரவில்லை. ஓரடி தள்ளி நிற்கிறாள். வலது பக்கம் நான் போனால் வழி விடுகிறாள். அவள் பந்தோடு வரும்போதும் என் வலது பக்கமாகவே வருகிறாள், என்னால் தடுக்க முடிகிற பக்கமாக. வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் ஆட்கள், "புள்ள பயந்துருச்சு" என்று சிரித்தார்கள். எட்வின் சார் நோட்டில் எதையோ அடித்தார்.

பயப்படவில்லை. எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தனக்கு இருப்பது இந்த ஒரு ஆட்டம்தான் என்று தெரிந்தே செய்துகொண்டிருந்தாள்.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன நாடகம் ஆடற?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"எனக்குப் பிச்சை போடறியா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் பாக்கறாங்க்கா. உங்க காலு..."

"என் காலு என் பிரச்சனை. என் இடது பக்கம் வா. ஒவ்வொரு தடவையும் வா. வரலைன்னா பனியனக் கழட்டிக் குடுத்துட்டு உங்கப்பாகூட வீட்டுக்குப் போ. இந்த ஊர்ல எந்தக் கோர்ட்லயும் உன்னைய நிக்க விடமாட்டேன்."

அந்த மிரட்டல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னால் அப்படியெல்லாம் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது பாதியில் வந்தாள். முதல் தடவை இடது பக்கம் என்னைத் தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டாள். அடுத்த தடவையும் அதே இடது பக்கம். நான் திரும்புவதற்குள் ரிங்குக்குக் கீழே இருந்தாள். அப்புறம் வாயும் திறந்துகொண்டது. கத்திக் கத்தித் தன் ஆட்களை நிறுத்துகிறாள். என் பந்தைப் பிடுங்குகிறாள், எங்கள் உயரமான பெண்ணுக்குப் போகிற பாஸை நடுவிலேயே தட்டிவிடுகிறாள். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. நான் அவள் பின்னால் ஓடினேன். இந்தத் தடவை விடக்கூடாது என்று இடது காலை ஊன்றி வெட்டித் திரும்பினேன்.

உள்ளே ஏதோ நழுவியது. சத்தம் கேட்டது, அல்லது கேட்டமாதிரி இருந்தது. சிமென்ட் தரையில் விழுந்து கிடந்தேன்.

முதலில் ஓடிவந்தது அவள்தான். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நாந்தான், நாந்தான்" என்றாள். "ரிங்கில போட்டியா?" என்று கேட்டேன். போட்டிருந்தாள்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். நான் யாருக்கும் பெருந்தன்மை காட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஆனா இது முந்தாநாள் கிழிஞ்சது மட்டும் இல்லம்மா. பழைய கிழிசல் மேல புதுக் கிழிசல். எத்தன மாசமா வலி?" என்றார்.

பூபதி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

ஆபரேஷன். இந்த சீசன் இல்லை. அடுத்ததைப் பற்றி டாக்டர் பேசவில்லை.

வரும் வழியில் பூபதி ஆட்டோவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வலிக்குதுன்னு எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?" சொன்னால் ஆடாதே என்றிருப்பீர்கள் என்றேன். "நான் எப்பக் கோகிலா அப்படிச் சொல்லியிருக்கேன்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது?

மார்ச் 21, வெள்ளி

எட்வின் சார் வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். கால் நீட்டிக் கிடக்கிற என்னைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. நான் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

"சார், ஒன்பதாம் தேதி நான் சொன்னதை மறந்துருங்க. மூணாவதா அவ பேரைச் சொல்லுங்க."

"பாவம் பாத்துச் சொல்றியா?"

"எனக்குப் பாவம் பாக்கத் தெரியாது. நானே அவளைத் தள்ளிட்டுப் போயி மேல இருந்து போட்டேன். எல்லாரும் அதத்தான் செய்வாங்க. செய்யட்டும். பந்து முதல்ல அங்க வந்து சேரணுமில்ல? அவ முன்னாடி நின்னா பந்து பாதிக் கோர்ட்டைத் தாண்டவே திணறும். நீங்கதானே அன்னிக்கு எங்கிட்ட கேட்டீங்க, எத்தன தடவ வராம போச்சுன்னு?"

அவர் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். "ஆன்மரியா நல்ல ஆட்டக்காரி, கோகிலா. அவ ஷாட் அழகு. ரீபவுண்ட் எடுப்பா. யாரையும் அவ மேல திருப்பிவிட முடியாது. நீ வேற இல்ல. ஒரு புதுப் பொண்ணை நம்பி ஆரம்பிக்கணும்னா நான் உயரத்தத்தான் நம்பணும். தோத்தா எனக்கு வேலை போகும்."

அதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். அவர் கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"அப்ப உயரத்த நம்புங்க. ஆனா ரெண்டாவது சுத்துல எடுத்துக்கலாம்னு அவளை வச்சுக் கணக்குப் போடாதீங்க. மத்த கோச்சுக்கும் கண்ணு இருக்கு."

"அஞ்சடி, கோகிலா" என்றார், சமாதானம் சொல்வதுபோல.

அவர் போன பிறகு அந்த ஆரஞ்சுச் சுளைகளைச் சாப்பிட்டேன். புளிப்பு.

மார்ச் 23, ஞாயிறு

டிராஃப்டைச் செல்போனில் நேரலையாகப் பார்த்தோம். கட்டிலில் நான், பக்கத்தில் நாற்காலியில் பூபதி, வாசற்படியில் மௌனிகா. அவளை நான் வரச்சொல்லவில்லை. கீரையும் முட்டையும் வாங்கிக்கொண்டு தானாக வந்தாள். எலும்புக்கு நல்லது என்று அம்மா கொடுத்தனுப்பினாராம். எனக்கு எலும்பில் ஒன்றும் இல்லை, ஜவ்வில்தான் என்று சொன்னேன். "எதுக்கும் இருக்கட்டுங்க்கா" என்றாள்.

முதலில் ஒரு ஹரியானாப் பெண். இரண்டாவதாக ஒரு சென்னைப் பெண். மூன்றாவது நாங்கள். தண்டபாணி சார் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறி, "ஆன்மரியா" என்றார்.

மௌனிகா கீரைக்கட்டைப் பிரித்து ஆய ஆரம்பித்தாள்.

நான்காவதாகக் கோழிக்கோடு. ஐந்தாவதாகப் பாண்டிச்சேரி. போன வருஷம் இரண்டாவதாக வந்த அணி. அவர்களுடைய கோச் ஒரு அம்மாள், நரைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். மைக்கை வாங்கி, "கரூர் மௌனிகா" என்றார். எதற்கு இவ்வளவு சீக்கிரம், உயரம் குறைவாயிற்றே என்று தொகுப்பாளர் கேட்டார். "எங்ககிட்ட உயரமானவங்க நிறைய இருக்காங்க. பந்தைப் பிடுங்கறவங்கதான் இல்ல" என்றார் அந்த அம்மாள்.

பூபதி கை தட்டினார். மௌனிகா கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, பாண்டிச்சேரி ரொம்ப தூரமுங்க்கா" என்றாள். அப்புறம் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள்.

"போய் உங்கப்பாகிட்டச் சொல்லு" என்றேன். "முதல்ல அவருகிட்டச் சொல்லு. இங்க உக்காந்து அழாத."

ஓடினாள். செருப்பைக்கூடப் போடவில்லை.

மார்ச் 24, திங்கள்

தண்டபாணி சார் போன் செய்தார். அவருக்கு வருத்தமாம். போஸ்டர் வீணாகிவிட்டதாம். "பாண்டிச்சேரிக்காரங்க இப்படிச் செய்வாங்கன்னு யாரு கண்டாங்க? கொஞ்சம்கூட நியாயமே இல்லீங்க" என்றார்.

"நம்ம ஊர்ல நம்ம வேலிக்குள்ள ஆடிட்டிருந்த புள்ளய மூணாவது பேராச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. அஞ்சாவதா சொன்னவங்கமேல எதுக்குச் சார் கோபம்?"

"நீங்கதானம்மா வேண்டாம்னு சொன்னது?"

ஆமாம். நான்தான் சொன்னேன். அந்தக் கூட்டத்தில், பக்கோடா தட்டுக்கு முன்னால், நான்தான். போனை வைத்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கம்பு ஊன்றி நடக்கிறேன். அணியின் உதவிப் பயிற்சியாளர் என்று எனக்கு ஒரு பனியன் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.

இன்று கரூரில் பாண்டிச்சேரியோடு ஆட்டம்.

கேலரி நிரம்பி வழிந்தது. தண்டபாணி சார் சொன்னது சரிதான், கல்லூரிப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஆனால் யாருக்குக் கத்துவது என்று அவர்களுக்கே குழப்பம். மௌனிகா பாண்டிச்சேரியின் நீலப் பனியனில் இறங்கியதும் குழப்பம் தீர்ந்துவிட்டது.

என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். ஆட்டத்துக்கு முன்பே ஆன்மரியாவை உட்கார வைத்து, மௌனிகாவைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே குனிவாள், எந்தக் கையை நீட்டுவாள், எப்போது கோபப்படுவாள். ஆன்மரியா நல்ல பெண். கவனமாகக் கேட்டாள். முதல் பாதியில் இரண்டு தடவை மௌனிகாவைத் தள்ளிக்கொண்டு போய்த் தலைக்கு மேலே போட்டாள். அழகான ஷாட். எட்வின் சார் என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோலத் தலையசைத்தார். பார்த்தேன்.

கடைசிக் கால் பகுதி. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். ஆன்மரியா பந்தோடு வருகிறாள். மௌனிகா அவள் முன்னால் குனிந்து, கத்திக்கொண்டே, நகர்ந்துகொண்டே இருக்கிறாள். ஆன்மரியாவின் கை தயங்குவதை நான் பார்த்தேன். "பாஸ் பண்ணு" என்று எட்வின் சார் கத்தினார். பண்ணினாள். பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நடுவில் ஐந்தடி உயரத்தில் ஒரு கை இருந்தது. அப்புறம் கோர்ட்டின் நீளம் முழுக்க அவள் தனியாக ஓடினாள். பின்னால் ஓடிய எல்லோருக்கும் அவள் முதுகுதான் தெரிந்தது.

அதோடு எங்களுக்கு எதுவும் சரியாக வரவில்லை. நான்கு புள்ளியில் தோற்றோம்.

பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்த தண்டபாணி சார் பக்கத்தில் யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பரவாயில்ல விடுங்க. என்ன இருந்தாலும் நம்ம ஊருப் புள்ளதானுங்களே."

கம்பை ஊன்றித் திரும்பினேன். "இல்லீங்க. பாண்டிச்சேரிப் புள்ள. நம்ம ஊருப் புள்ளையா ஆக்கிக்கத்தான் உங்களுக்கும் எனக்கும் ஒரு மாசம் இருந்துச்சே" என்றேன். பக்கத்தில் இருந்தவர் வேறு பக்கம் பார்த்தார்.

கோர்ட்டில் மௌனிகாவை அவள் அணிப் பெண்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்குவதற்கு வசதியான உயரம். கேலரிப் பக்கம் அவள் அப்பா இந்தத் தடவை வேலிக்கு உள்ளே நின்றார்.

நான் கை தட்டினேன். எங்கள் பனியனைப் போட்டுக்கொண்டு, எங்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு, உள்ளங்கை எரிகிற வரைக்கும் தட்டினேன். எட்வின் சார் பார்த்தார்.

பார்க்கட்டும்.